விசிறி பார்த்த திசை

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டை ரிப்பேர்காரன் திருமலை கழற்றியதும் உள்ளிருந்த சூடு லூயிஸின் முகத்தில் அடித்தது. சூட்டைத் தணிக்கிற பழைய கூலரைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினான். உயரமான அலுமினியக் கட்டை, அதன் விலாவில் ஒரு விசிறி. கட்டைக்கு அடியில்தான் மூளையாம். மூளை கொதித்தால் பெட்டி தானாக அணைந்துவிடுமாம்.

“காத்து பின்னால ஓட்ட வழியா வெளிய போவணும் பெர்சு. அதான் கணக்கு. நீ கை வெக்காத.”

கணக்கு என்று எவன் சொன்னாலும் லூயிஸுக்குத் தன் சட்டைப் பையில் எவனோ கை விடுவதுபோல் இருக்கும். பின்னால் இருந்தது சுவர். ராயபுரத்தில் மத்தியானக் கடற்காற்று வருவது ஜன்னல் வழியாக. துறைமுகத்தில் கப்பலின் அடியறைக்குள் மூட்டை அடுக்கிய காலத்தில், மேலே கித்தான் குழாயைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பிக் கட்டினால்தான் கீழே இருப்பவனுக்கு மூச்சு. சுவரைப் பார்த்து விசிறி வைக்கிறவன் திருடன், இல்லாவிட்டால் முட்டாள்.

திருமலை போன பிறகு சாயங்காலம் முழுக்கப் பெட்டி அணையவில்லை. அதையும் லூயிஸ் நம்பவில்லை.

நம்பி விட்டுவிடுகிற காரியமா அது? மகன் ஜெரி பிட்டராகப் போன கப்பலை முதலாளி ஏதோ ஒரு அந்நியத் துறைமுகத்தில் அம்போவென்று விட்டுப் போய்விட்டான். ஞாயிறு மத்தியானம் மட்டும் அங்கே ஒரு கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீட்டோடு பேச விடுகிறார்கள். போன ஞாயிறு, “நைனா, எங்கள வேற எடத்துக்கு இட்டுனு போறானுங்க, எடம் பேரு...” என்றபோது இங்கே பெட்டி செத்துவிட்டது. இடம் தெரியாமல் எங்கே போய்த் தேடுவது என்று மாலுமிகள் சங்கத்துக்காரர் கையை விரித்துவிட்டார்.

ஞாயிறு காலை மருமகள் ஜானட் பூசைக்குப் போனாள். லூயிஸ் தகட்டைக் கழற்றி, கட்டையை ஜன்னல் பக்கம் திருப்பினார். அது அந்தப் பக்கம் உட்கார மறுத்தது. துருப்பிடித்த போல்ட்டை மடக்குகிற பலத்தைக் கொடுத்தார். பிளாஸ்டிக் கொக்கி படக்கென்று போனது. சணலால் இறுக்கிக் கட்டி, தகட்டை மூடிவிட்டு, ஒன்றும் நடக்காதவர்போல் டீ குடித்தார்.

மத்தியானம் திரையில் ஜெரியின் பெயர் எரிந்தது. ஜானட் தொட்ட மாத்திரத்தில் பெட்டி அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது. அவள் திரும்பி மாமனாரைப் பார்த்தாள்.

“மாமா, இத நீங்க தொட்டீங்களா?”

“தொட்டேன். ஒடச்சிட்டேன்.”

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க முடியவில்லை. மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய்த் தகட்டைப் பிடுங்கி எறிந்தார். சணல் தளர்ந்து கட்டை சாய்ந்து தொங்கியது. அதை நேராக்கி, இரண்டு கையாலும் மூளையோடு சேர்த்து அழுத்தினார்.

“இப்ப போடு.”

போட்டாள். அணையாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜெரியின் குரல் வந்தது.

“இன்னா ஜானட், எத்தினி வாட்டி கூப்புடறது? நைனா எங்க?”

“மேசைக்கு அடீல கீறாரு.”

“பூனையாட்டம் அங்க இன்னா பண்றாரு? மேல வரச் சொல்லு. ஒரு வாட்டி மூஞ்சியப் பாத்துக்கிறேன்.”

அது மகன் குரலா என்றிருந்தது. பல் கிட்டிப்போனவன் பேசுவதுபோல் இருந்தது. லூயிஸின் தோள் எழுந்தது. கட்டை அசைந்தது. மீண்டும் அழுத்தினார். அலுமினியத் தகடுகள் விரல்களில் கொதித்தன.

“என் மூஞ்சில இன்னாடா கீது? எடத்த சொல்லு.”

அந்தப் பக்கம் யாரோ அதட்டினார்கள். ஜெரியின் குரல் தாழ்ந்தது. “எழுதிக்க ஜானட். ரெண்டாவது வாட்டி சொல்ல வுட மாட்டான்.”

விசிறி இரைச்சலில் லூயிஸுக்கு அதற்குமேல் கேட்கவில்லை. அவர் கண்ணுக்கு எட்டியது ஜானட்டின் பாதங்கள் மட்டும். குதிகால்கள் மேலே எழும்பியிருந்தன. விரல்கள் பத்தும் தரையை அழுத்தி, நகங்கள் வெளுத்திருந்தன. உள்ளங்கைத் தோல் அலுமினியத்தோடு ஒட்டுவதை அறிந்தபடியே, எழுதி முடித்து அந்தக் குதிகால்கள் இறங்குகின்றனவா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.