ஹூமன் கல்லின் இரண்டாம் கட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. ஈரானின் இஸ்பஹானில், கல்தச்சர் வெட்டுவதற்கு முன் கல்லில் பென்சிலால் எழுத்து வரைந்துகொடுப்பது என் பிழைப்பு. நாலு வருடமாக இதை எழுதிப் பார்க்கிறேன். இது ஐந்தாவது தொடக்கம்.

(முதல் தொடக்கம்: "நுஸ்ரத்துல்லா ஒரு கல்நெஞ்சக்காரர்." முப்பது வருடம் பள்ளியில் யாப்பு நடத்தியவர். மகன் ஹூமன் யாப்பை விட்டு எழுதியதற்காக, "ஒரு அடியாவது ஒழுங்கா எழுதிட்டு வந்து என் கதவத் தட்டு" என்று அனுப்பிவிட்டவர். பிறகு அவருடைய விரல்களைப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.)

2

ஷிராஸ் சாலையில் பஸ் கவிழ்ந்து ஹூமன் இறந்தான். நாற்பதாம் நாளுக்குள் கல் பதிக்க வேண்டும். எங்கள் பாரசீகக் கவிதை ஆயிரம் வருடமாக, அடிக்கு ஒன்றாகச் சரிசமமான இரண்டு கட்டங்களுக்குள் குடியிருந்தது. ஹூமன் போன்றவர்கள் ஒரு அடியை நீட்டி, அடுத்ததை ஒரே சொல்லில் நிறுத்தினார்கள். இந்தச் சேதி கல்லுக்கு இன்னும் எட்டவில்லை. அதில் எப்போதும் இரண்டு கட்டங்கள்தான்.

அவன் மனைவி தூரான், மாமனாரோடு என் பட்டறைக்கு வந்து, அவன் சட்டைப்பையில் கிடைத்த தாளை மேசையில் வைத்தாள்:

அப்பாவின் கதவை நான் தட்டவில்லை
இன்னும்

நுஸ்ரத்துல்லா அழு— இல்லை, அழவில்லை. மேசையில் விரலால் சீர் தட்டிப் பார்த்தார். இரண்டாம் அடியில் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு தாளை இழுத்து எழுதினார்: "இன்னும் அவர்மேல் என் அன்பு தீரவில்லை."

"இப்ப அளவு சரியா வந்துருச்சு" என்றார்.

"மாமா, இது அவர் எழுதல."

"நாலு சொல்லு சேத்தா என்னம்மா? கட்டம் காலியாக் கெடந்தா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீங்க சேத்தது பாட்டுக்காகவா, உங்களுக்காகவா?"

இருவரும் என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தார்கள்.

3

இரண்டு முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் முழு அடியும் கல்லில் ஏறியது. செத்தவன் வாயால் மன்னிப்பை வாங்கிவிட்டோமே என்று எனக்கே கூசியது. மற்றதில் தூரான் ஜெயித்தாள், கிழவர் கல்லறைப் பக்கமே வரவில்லை. அதையும் என்னால் தாங்க முடியவில்லை.

நடந்தது இதுதான். நாற்பதாம் நாள்வரை பேச்சு முடியாததால், "இன்னும்" என்பதோடு கல்லைப் பதித்தோம். மீதி வெறும் பளிங்கு. நுஸ்ரத்துல்லா கல்லைக் கழுவி, எங்கள் வழக்கப்படி எல்லோரையும்போல கல்லை விரலால் தட்டியபடி இறந்தவனுக்காக ஓதினார். ஓதி முடித்து மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். அவர் விரல் காலி இடத்தில் தட்டிக்கொண்டே இருந்தது.

"எந்திரிங்க மாமா."

"இரும்மா. தட்டுறது கேக்குதான்னு பாக்குறேன்."

4

போன வாரம் என்னிடம் வந்தார். கண் மங்கிவிட்டது. "தம்பி, அந்த அடிய முடிச்சுக் குடுத்துடு. தூரானும் சரின்னுட்டா."

தூரானிடம் கேட்டேன். "மாமா பொழைக்கட்டும்னு சொன்னேன். என் புருஷன் என்ன சொல்லுவாருன்னு என்னக் கேக்காத" என்றாள்.

நாளை வியாழன். கல்லறைக்குப் போகும் நாள். பென்சிலைச் சீவிவைத்துவிட்டேன், கைதான் வரவில்லை. இந்தாருங்கள், இதைப் படிக்கிற நீங்கள் பிடியுங்கள். எழுதுவதானாலும் வெறுமனே விடுவதானாலும் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும்: எழுதுவதானால், அவர் விரலை எடுக்கும்வரை காத்திருங்கள்.