பிடி குறையாமல் மெலிவது

1

இந்தக் கதை சிங்கப்பூர் மார்சிலிங்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஜிம்மில் தொடங்கியது. பயிற்சியாளர் எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். காலையில் இது, மதியம் இது, இரவில் ஒன்றுமில்லை. நான் மெலிந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பிறகு ஒருநாள் அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கப் போனேன், முடியவில்லை. தினமும் தூக்குகிற அதே அம்மாதான். என் கைதான் வேறாகியிருந்தது. பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னேன். "எல்லாருக்கும் இதானே ஒர்க் ஆகுது லா" என்றார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் வேண்டுமென்று சாப்பாட்டைக் குறைத்ததில்லை. இல்லாமல் குறைத்திருக்கிறார்கள். அதனால் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் எழுத உட்கார்ந்தால் நூறு வருஷம் பின்னால் போய்விடுவேன். அங்கே இருப்பவர்கள் என்மேல் புகார் கொடுக்க மாட்டார்கள்.

ரேஸ் கோர்ஸ் சாலைக்கு மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறோம். அங்கே ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின. குதிரை மேல் உட்கார்ந்தவன் என்ன சாப்பிட்டான்? யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆகவே அவனை நானே உண்டாக்குகிறேன். பெயர் மருதப்பன். [இப்படி ஒருவர் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. தேடி அலைய வேண்டாம்.]

2

தொடக்கம், முதல் முயற்சி:

பனி படர்ந்த அதிகாலையில் குதிரைகளின் குளம்பொலி—

சிங்கப்பூரில் ஏது பனி. அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

மருதப்பன் ஓர் ஏழைத் தொழிலாளி. அவன் கண்களில் ஏதோ ஒரு—

அவன் கண்களில் தூக்கம்தான் இருந்தது. அதுவும் போகட்டும்.

மூன்றாவது, நிற்கிறது:

மருதப்பன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். ஆள் குள்ளம், தோள் அகலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தோ ஆறோ, ஒருநாள் கப்பலிலிருந்து இறக்கிய குதிரைகளில் ஒன்று மிரண்டு ஓடியது. செவலை நிறம், முரட்டு வாய். இவன் மூட்டையைப் போட்டுவிட்டு ஒற்றை ஆளாக அதைப் பிடித்து நிறுத்தினான். குதிரையின் சொந்தக்காரத் துரை பார்த்துவிட்டு, சிராங்கூன் சாலைப் பக்கமிருந்த தன் லாயத்துக்கு இவனையும் கூட்டிக்கொண்டு போனார். காலைச் சவாரிக்கு இவன்தான். இப்போது அடுத்த பந்தயத்தில் செவலையை இவனே ஓட்டலாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் எடை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேறு ஆள் ஓட்டுவான், மருதப்பன் மறுபடி மூட்டை தூக்கப் போகலாம்.

3

எடை இறக்க லாயத்தில் ஒரே வழிதான் இருந்தது. மேஸ்திரி தனசேகரன் எல்லா ஜாக்கிகளுக்கும் அதையே கொடுப்பார். காய்ந்த பிஸ்கட், பால் இல்லாத காப்பி, பேதி உப்பு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டும். மற்ற நேரம் படுத்துக்கிடக்க வேண்டும், ஒரு வாளி கூடத் தூக்கக் கூடாது.

இன்னொரு ஜாக்கி நூருல் அமீனுக்கு அது ஒத்துக்கொண்டது. அவன் பிறவியிலேயே மூங்கில். அவன் ஓட்டுகிற குதிரையும் சாது.

"பசிக்குது பாய்" என்றான் மருதப்பன்.

"பசி நல்லதுடா மருதா. பசிச்சாத்தான் வேகமா ஓடும்."

"ஓடுறது குதிரை. பசிக்கிறது எனக்கு."

"அப்ப நீயும் புல்லைத் தின்னு, போ."

எடை இறங்கியது. தனசேகரன் தட்டிக்கொடுத்தார். மறுநாள் காலைச் சவாரியில் செவலை கழுத்தை நீட்டி ஓர் இழுப்பு இழுத்தது. மருதப்பன் வாரை இறுக்கினான். விரல்கள் மூடவில்லை. அவன் சொன்னதை அவன் கையே கேட்கவில்லை. குதிரை தன் இஷ்டத்துக்குத் திடலைச் சுற்றிச் சுற்றி ஓடியது. நூருல் அமீன் விரட்டிப் போய்க் கடிவாளத்தைப் பிடிக்கும்வரை மருதப்பன் அதன்மேல் கிடந்த மூட்டைதான்.

"துரை பாக்கல. பொழச்சே" என்றார் தனசேகரன். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நானே போய்ச் சொல்லிருவேன்."

4

இந்த இடத்தில் முதல் வரைவில் ஒரு மனைவி வந்தாள். பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டாள். அவன் தேறினான். பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஓர் ஆணின் உடம்பைத் தேற்றுவதற்கென்றே ஒருத்தியைப் பெற்று, கல்யாணம் செய்துவைத்து, அடுப்படியில் நிறுத்த வேண்டுமா? அவனே யோசிக்கட்டும்.

யோசித்தான். சாயங்காலம் தீனி வைக்கும் நேரம். செவலைக்குத் தவிடு கூடுதல், ஓட்ஸ் குறைவு, இல்லாவிட்டால் அதற்குத் திமிர் ஏறும். அடுத்த கொட்டடியில் இருந்த மெலிந்த குதிரைக்கு வேகவைத்த கொள்ளு. வயசான குதிரைக்குக் கஞ்சி. தனசேகரன் ஒவ்வொன்றின் விலாவையும் தோளையும் தடவிப் பார்த்து அதனதன் தீனியைச் சொல்லிக்கொண்டு போனார்.

"ஏன் மேஸ்திரி, ஒவ்வொண்ணுக்கும் வேற வேறயா வைக்கிறீங்க?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வாகுடா. ஒரே தீனி வச்சா பாதி செத்துப்போகும்."

"எங்களுக்கு மட்டும் ஒரே பிஸ்கட்டா?"

"நீ என்ன, நாலாயிரம் வெள்ளி குடுத்து வாங்குன குதிரையா?"

[இதற்குமேல் இங்கே ஒரு பத்தி ஆவேசமாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். தனசேகரனே போதும்.]

மருதப்பன் தன் விலாவைத் தடவிப் பார்த்தான். பிறகு தோளை. விலாவில் கொழுப்பு அப்படியே இருந்தது, தோள்தான் வற்றியிருந்தது. குறைய வேண்டியது குறையவில்லை.

5

மறுநாள் உப்பைக் கொட்டினான். வாளியைத் தூக்கினான். தண்ணீர், புல்கட்டு, சாணிக்கூடை என்று சும்மா இருந்த கைக்கு வேலை கொடுத்தான். சோற்றைக் காலைச் சவாரிக்குப் பின் ஒருவேளை மட்டும் வைத்துக்கொண்டான். ராத்திரி அவித்த முட்டை, சுட்ட மீன், பருப்பு. முதலில் கருவாடும் தின்று பார்த்தான், தாகம் தாங்கவில்லை. விட்டான். மோர் ஒத்துக்கொண்டது. [அவனுக்குப் புரதம் என்ற சொல் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதற்காக அவன் வாயில் திணிக்க மாட்டேன்.]

மோர் விற்றவள் பாக்கியலட்சுமி. பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருந்தாள். இவளையும் சந்தேகப்பட்டேன். கிழித்த மனைவி வேறு வேஷத்தில் வருகிறாளோ? இல்லை. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற மோர் அவளுக்குத் தலைவலி. வாங்க ஆள் வந்தால் சரி, அவ்வளவுதான்.

"இம்புட்டு மோரா? வயித்துல ஏதும் கட்டியா?"

"இளைக்கணும்க்கா."

"இளைக்கவா?" அவள் தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள். "ஊரெல்லாம் சாப்பாட்டுக்குக் கப்பலேறி வருது. நீ இளைக்கக் காசு குடுக்கிற. குடு, குடு. நாளைக்கும் வா."

எடை மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. தினமும் இரண்டு இடத்தையும் தடவிப் பார்த்தான். விலா தெரிந்தது, தோள் நின்றது. செவலை இழுத்தபோது விரல்கள் மூடின.

6

பந்தய நாள். தராசு நாற்காலியில் சேணத்தை மடியில் வைத்து மருதப்பன் உட்கார்ந்தான். ஓர் இராத்தல் கூடுதல்.

பூட்ஸைக் கழற்றி மெல்லியதாக மாற்றினான். அப்போதும் கூடுதல்தான்.

தனசேகரன் குனிந்து காதில் சொன்னார்: "உப்பு வச்சிருக்கேன். இன்னும் நேரமிருக்கு."

முடிவு அ: குடித்தான். எடை சரியாயிற்று. செவலை முதலில் வந்தது, தொப்பிகள் பறந்தன. எழுதி முடித்ததும் எனக்கே கூசியது. மூடாத விரல்களை நாம்தான் பார்த்தோமே.

முடிவு ஆ: குடித்தான். செவலை வேலியை நோக்கி— வேண்டாம். இதற்காகவா அவனை இவ்வளவு தூரம் சாப்பிட வைத்தேன்?

முடிவு இ. இதுவரைதான் எனக்குத் தெரியும்:

கூடுதல் எடையோடும் ஓடலாம். சொந்தக்காரர் ஒப்புக்கொண்டு பலகையில் எழுதச் சொன்னால் போதும். ஆனால் அதை எந்தக் கூலியும் துரையிடம் போய்க் கேட்டதில்லை. மருதப்பன் சேணத்தோடு எழுந்து நேரே துரையிடம் போனான். தனசேகரன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் நிற்கவில்லை. தெரிந்த மலாயில் சொன்னான்:

"ஓர் இராத்தல் கூடுதல், துவான். அதோட ஓட்டுறேன். இதையும் எடுத்தா என் கையிலேருந்துதான் எடுக்கணும். அப்புறம் செவலையைப் பிடிக்க ஆள் இருக்காது."

துரை அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். துரைக்கு நான் வசனம் எழுதப்போவதில்லை. பதில் உங்களுடையது. அவனுடைய உடம்பைப் பற்றி அவனே சொன்னதை நம்புவீர்களா, தராசை நம்புவீர்களா?

சீக்கிரம் சொல்லுங்கள். மணி அடிக்கக் கையை ஓங்கிவிட்டார்கள். வெளியே இரண்டு பேர் பிடித்தும் செவலை நிற்கவில்லை.