சருகுக்கு அடியில் ஒரு பலகை

அக்காவுக்குத் தையல் ஆலையில் தரம் பார்க்கும் வேலை. சட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்க்காமல் விடமாட்டாள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதிலும் அதே கண்தான். இருக்காதா? போன வரனைப் பேசி முடிக்கப்போகும் நேரத்தில்தான் அவனுக்கு வேறு ஊரில் பெண்டாட்டியும் பிள்ளையும் இருப்பது தெரிந்தது. அம்மா அப்பா இல்லாத பெண்ணுக்கு இவளை விட்டால் வேறு யார்?

இந்த முறை தரகர் கொண்டுவந்தது ஒரு லிப்ட் மெக்கானிக்கை. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் குறை எதுவும் அகப்படவில்லை. அதுவே அக்காவுக்கு உறுத்தியது. ஓட்டலில் சந்திக்கலாமே என்றார் தரகர்.

"ஏசியில உட்கார்ந்தா எல்லாரும் நல்லவங்கதான். நடக்க விட்டாத்தான் குணம் தெரியும்" என்று ஆற்றோர இயற்கைக் காப்பகத்துக்கு வரச் சொல்லிவிட்டாள்.

வாசலிலேயே தங்கைக்கு ஆபீசிலிருந்து போன். "நீங்க போயிட்டே இருங்க, வந்துடறேன்" என்றாள். நல்லதாகப் போயிற்று என்று அக்கா மெக்கானிக்கோடு நடந்தாள்.

"இங்க முன்னாடி வந்திருக்கீங்களா தம்பி?"

"இல்லக்கா. இன்னிக்குத்தான் முதல் தடவை."

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வழிகாட்டும் அம்புக்குறி கொடிக்குள் மறைந்து கிடந்தது. மெக்கானிக் நின்றுகூடப் பார்க்கவில்லை; ஆற்றுப் பக்கம் திரும்பினான். அக்காவின் புருவம் ஏறியது. குத்துமதிப்பாகத் திரும்பியிருப்பான், போகட்டும்.

அடுத்தது ஓடைமேல் ஒரு மரப்பாலம். பாலம் முழுக்கச் சருகு. லிப்டில் மாட்டிக்கொண்ட ஒரு குண்டு மனிதரின் கதையைச் சொல்லிச் சிரித்தபடியே போனவன், நடுப்பாலத்தில் மட்டும் காலை எட்டி வைத்துத் தாண்டினான். பேச்சு அறுபடவே இல்லை.

அக்கா அந்த இடத்தில் நின்று குடை நுனியால் சருகை விலக்கினாள். அடியில் பலகை உளுத்துப் பாதி உதிர்ந்திருந்தது. கீழே சேறு தெரிந்தது. சத்தமில்லாமல் சருகைப் பழையபடி தள்ளி மூடினாள்.

முதல் தடவை வந்தவனுக்கு இந்த ஓட்டை எப்படித் தெரியும்? அடிக்கடி வந்து போகிறவன் இவன். யாரோடு?

"கால் வலிக்குது தம்பி. உட்கார இடம் இருந்தாத் தேவலை."

"அந்த மூங்கிலுக்குப் பின்னாடி பெஞ்ச் இரு..." சட்டென்று விழுங்கினான். "இருக்கும்னு நினைக்கிறேன்க்கா."

இருந்தது. இரண்டு பேர் நெருக்கி உட்காரும் பெஞ்ச். அக்காவுக்கு அதில் உட்காரவே கூசியது. இவனை எப்படிக் கழற்றி விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தூரத்தில் தங்கை பாலத்தில் ஏறுவது தெரிந்தது. குனிந்த தலை நிமிராமல் போனில் ஏதோ தட்டிக்கொண்டே வந்தாள்.

ஐயோ, ஓட்டை! கத்துவதற்காக அக்கா எழுந்துவிட்டாள்.

தங்கை போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நடுப்பாலத்தில் காலை எட்டி வைத்துத் தாண்டி, தட்டிக்கொண்டே வந்தாள்.

தொண்டைவரை வந்த கத்தல் அங்கேயே நின்றது. 'அந்தக் காப்பகம் எங்கக்கா இருக்கு?' என்று நேற்று ராத்திரி பச்சைப் பிள்ளை மாதிரி கேட்டவள் இவள்தானே!

திரும்பும்போது அக்கா முன்னால் நடந்தாள். பாலத்தின் நடுவை நெருங்கியதும் பின்பக்கம் திரும்பி, "எனக்கென்னவோ இந்த இடம் சரிப்பட்டு வரும்னு தோணலை" என்றபடி காலைத் தூக்கினாள்.

"அக்கா, பலகை!" இரண்டு குரலும் ஒன்றாக அலறின. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"எந்தப் பலகை? ரெண்டு பேரும் முதல் தடவைதானே வர்றீங்க?"

அக்கா தங்கை பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு நாளாடி நடக்குது?"

"போன மழைக்காலத்திலிருந்து" என்றாள் தங்கை. "சொல்லியிருந்தா விட்டிருப்பியா? நீயே தேடி, நீயே திருப்பிப் பார்த்தாத்தான் உனக்கு நம்பிக்கை வரும். அதான் இப்படி வரவழைச்சேன்."

"அவ மேல தப்பில்லக்கா, யோசனை என்னுது" என்றான் மெக்கானிக்.

"பொய்! என்னுதுக்கா."

"நீ சும்மா இரு. திட்டு வாங்குறதுன்னா நான் வாங்கிக்கிறேன்."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் இன்னும் அவள் கைகளை விடவில்லை. தன்னிடம் மறைத்தது வலித்தது. ஆனாலும் போன வரனின் பொய்யும் இந்தப் பொய்யும் ஒரே துணி இல்லை என்று கைக்குத் தெரிந்தது. திடீரென்று வேறொன்று உறைத்தது.

"ஆமா... அந்தத் தரகர்?"

மெக்கானிக் ஓடையைப் பார்த்தான். தங்கை மரத்தைப் பார்த்தாள்.

"எங்க சித்தப்பாக்கா" என்றான் அவன், கேட்டும் கேட்காமலும்.

அக்கா குடையை இடுக்கிக்கொண்டு, உளுத்த பலகையை எட்டித் தாண்டினாள்.

"வாங்க மாப்பிள்ளை, போகலாம். முதல்ல உங்க சித்தப்பாவை நான் பார்க்கணும்."