இருநூறு எழுத்துக்குள் ஒரு கோபம்

1

இந்தக் கதை ஒரு கருத்துப் பெட்டியில் பிறந்தது. நான் போகும் நூலகத்தின் இணையதளத்தைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அதைப் பற்றி முறையாகப் பத்தி பிரித்து எழுதி அனுப்பினேன். குறைகள் முதலில், நிறைகள் கடைசியில்; அது என் பழக்கம். 'நன்றி, படிக்கிறோம்' என்று பதில் வந்தது. யார் படிப்பார்கள்? அதைப் பிடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டி—'

வேண்டாம். கதை நடக்கும் அறைக்கு ஜன்னல் வைப்பதா என்றே நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

2

இரண்டாம் தொடக்கம். தளத்தை வடிவமைத்தவளும் அதற்கு நிரல் எழுதியவனும் கருத்துகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் 'பொறு, பொறு' என்பதால் அவனுக்கு அலுவலகத்தில் பெயர் 'பொறுமை'. மதியம் கூட்டம். கருத்துகள் இப்படியே இருந்தால் பழைய தளத்தையே திரும்ப ஏற்றிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். அவளுடைய ஓராண்டு உழைப்பு அதோடு போச்சு.

"படிக்கட்டுமா?" என்றான் பொறுமை.

"படி. புதுசா என்னத்தத் திட்டிடப் போறாங்க."

"'மாற்ற வேண்டியது என் கண்ணாடியையா, உங்கள் டிசைனரையா?'"

"இது நல்லாருக்கே! எழுதினவரையே வேலைக்கு எடுத்துக்கலாம். என் சீட்டு எப்படியும் காலியாகத்தான் போகுது."

"கோபத்துல பாதிப் பேர் முடிக்காமலே விட்டுட்டுப் போயிருக்காங்க, பாரு."

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். பொறுமைக்கு எதிரில் அவள் அழமாட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

3

அவள் காகிதங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினாள். நீளமான கருத்துகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒரே அளவில், பாதியிலேயே நின்றிருந்தன.

"ஏன்ப்பா, எல்லாருக்கும் கோபம் ஒரே அளவுலயா தீரும்?"

"பொறு..." அவன் விசைப்பலகையை இழுத்தான். முகம் தொங்கிப்போயிற்று. "இருநூறு எழுத்துக்கு மேல பதிவாகாது. நான்தான் அப்படி வெச்சேன். பெட்டி சின்னதா, அடக்கமா இருக்கணும்னு நீதானே சொன்னே?"

"பெட்டி சின்னதா இருக்கட்டும்னுதான் சொன்னேன். பேச்சு சின்னதா இருக்கட்டும்னா சொன்னேன்?"

"தப்புதான், தாயே."

அதற்குள் அவள் ஒரு காகிதத்தைக் கையில் எடுத்து, அதன் கடைசி வரிகளைப் படித்தாள்.

"'முதல் நாள் எதுவுமே பிடிபடவில்லை. எரிச்சலாக வந்தது. ஆனால் இப்போது'"

"இப்போது?"

"அவ்வளவுதான் இருக்கு."

4

முடிவுகளைப் பார்ப்போம்.

மேலாளர் மனம் மாறிக் கைதட்டுகிறார். (எந்த ஊர் மேலாளர்?)

பழைய தளம் திரும்புகிறது, அவள் தன் தேநீர்க் கோப்பையைப் பைக்குள் வைத்துக்கொண்டு— (எழுதக் கை வரவில்லை.)

இதை வேண்டுமானால் நம்பலாம்: வெட்டுப்பட்ட கருத்துகளின் மீதியும் வரட்டும் என்று அவள் ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். "ஒரு வாரம்தான். அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது," என்றார் மேலாளர். பெட்டியின் அளவுக் கட்டுப்பாட்டைப் பொறுமை எடுத்துவிட்டான். எழுதிய எல்லோருக்கும் அவள் மின்னஞ்சல் அனுப்பினாள்: 'உங்கள் பேச்சைப் பாதியில் வெட்டியது நாங்கள்தான். மன்னியுங்கள். மீதியையும் சொல்லுங்கள். திட்டாக இருந்தாலும் சரி.'

5

அந்தப் பாதிக் கருத்தை அவள் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். பொறுமை, தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கொரு முறை பதில் வந்துவிட்டதா என்று பார்க்கிறான்.

அதை எழுதியவர் நானாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குத்தான் ஏற்கெனவே இந்தக் கதையில் இவ்வளவு இடம் கிடைத்துவிட்டதே! ஆகவே அது நீங்கள். முதல் நாள் உங்களுக்கு எரிச்சலாக வந்தது, சரி. பெட்டியில் இப்போது வேண்டிய இடம் இருக்கிறது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் இப்போது