பழைய கெர்னலை அழித்த காலை

அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கிருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து நாலு குறை சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பான். தங்கையின் பழைய லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். அதனால் அதன் மேல் தனக்கு ஆயுள் உரிமை என்று நினைப்பு.

அன்று காலை பதினொரு மணிக்குத் தங்கைக்கு நேர்காணல். பிள்ளை பிறந்ததும் விட்ட வேலை, புத்தகப் பக்கங்களை வடிவமைப்பது. பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு பதிப்பகம் கூப்பிட்டிருந்தது. அவர்கள் இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்க, இவள் ஒரு பக்கத்தை அமைத்துக் காட்ட வேண்டும். அதற்கான மென்பொருள் லேப்டாப்பில்தான் ஓடும், போனில் ஆகாது. துணைக்கு இருக்கலாமே என்று அண்ணன் எட்டு மணிக்கே வந்துவிட்டான். வராமலே இருந்திருக்கலாம்.

"புது வெர்ஷன் வந்திருக்கே."

"இன்னிக்கு வேண்டாம்ணா. நாளைக்குப் பண்ணிக்கலாம்."

"அரை மணி நேர வேலை. சும்மா பறக்கும் பாரு."

அப்டேட் முடிந்தது. முடிந்த கையோடு, பழைய வெர்ஷனின் கெர்னலை, அதாவது லினக்ஸின் உயிர்நாடியான மையப் பகுதியை, துடைத்து அழித்தான். அது அவன் வழக்கம். குப்பை சேர்த்து வைப்பவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. லேப்டாப்பை மறுபடி திறந்தால் வைஃபை இருந்த சுவடே இல்லை. அந்தப் பழைய வைஃபை சில்லை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் புதுக் கெர்னலுக்கு ஒத்துவரவில்லை. திரும்பிப் போகலாமென்றால், போவதற்கு இருந்த கெர்னலைத்தான் பத்து நிமிடம் முன்பு பெருமையாக அழித்திருந்தான். நெட்வொர்க் ஒயர் சொருகும் துளையோ என்றைக்கோ உடைந்துவிட்டது.

தன் போனில் டிரைவரை இறக்கி, பென்டிரைவில் ஏற்றிப் போட்டான். அது இன்னொரு கோப்பைக் கேட்டது. அதைக் கொடுத்தால் வேறொன்று. மணி பத்தேகால். இஸ்திரி போட்ட சட்டையில் தங்கை பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, போன்ல ஒயர் மாட்டி நெட் எடுக்கலாமே?"

"நீ கொஞ்சம் பேசாம இரு. இது வேற விஷயம்."

அவள் பேசாமல் இருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படிச் சொன்னால் இருந்துவிடுவாள். அதற்கப்புறம் அவன் நேர்காணலைக்கூட மறந்துவிட்டான். அந்த டிரைவரிடம் தோற்கக் கூடாது, அவ்வளவுதான் மனதில் இருந்தது.

பதினொன்றே கால். அவன் போனில் சார்ஜ் தீர்ந்தது. அவள் போனை வாங்கி, ஏதோ ஒரு ஆத்திரத்தில் ஒயரை மாட்டி, இணையத்தைப் பகிரும் பொத்தானைத் தட்டினான். பத்தே வினாடியில் நெட் வந்தது. நேர்காணல் சுட்டியைத் திறந்தான். முடிந்துவிட்டது என்று வந்தது.

எத்தனை வருடமாக அவள் வாயை அடைத்து வந்திருக்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நானே அவங்ககிட்ட பேசறேன். தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன்."

"வேண்டாம்ணா. பதினொரு மணிக்கே போன்லேர்ந்து மெயில் எழுதிட்டேன்." சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அந்த நெட்டை வைத்தே மத்தியானத்துக்குள் டிரைவரை முழுசாகப் போட்டான். வைஃபை வந்துவிட்டது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவள் அஞ்சல் பெட்டியைத் திறந்தான். அவள் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: 'என் கணினியை முன்கூட்டியே சரிபார்க்காமல் விட்டது என் தவறு. வேறு யாரும் காரணமில்லை. இன்னொரு முறை வாய்ப்புக் கிடைத்தால் நன்றியோடு இருப்பேன்.'

அதன் கீழேயே பதில் இருந்தது. வேறொருவரை எடுத்துவிட்டார்களாம்.

அவள் போன் இன்னும் ஒயரில்தான் கிடந்தது. பதிலை அவள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

"அண்ணா," அடுக்களையிலிருந்து குரல் வந்தது, "பதில் ஏதாவது வந்திருக்கா பாரேன்."

"வந்திருக்கு," என்றான். இந்தத் தடவையாவது அவளே முதலில் பேசட்டும் என்று காத்திருந்தான். அவளோ, பழக்கப்படி, அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.