கடைசி எட்டு எழுத்து

மால்ட்டேயின் கண்டிப்பு ஹாம்பர்க் கம்ப்யூட்டர்காரர்களிடையே பிரசித்தம். ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை அவனுடைய சங்கத்தில், மெயிலைப் பூட்டும் கம்ப்யூட்டர் சாவி யாருடையது என்று சரிபார்க்கும் கூட்டம் நடக்கும். வருகிறவர்கள் கையில் அடையாள அட்டையும், தங்கள் சாவியின் கைரேகையை அச்சடித்த சீட்டும் இருக்கவேண்டும். கைரேகை என்பது எண்ணும் எழுத்துமாக நாற்பது. ஒருவர் படிக்க, எதிரில் நிற்பவர் ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். நடுவில் யாராவது "சரி, சரி" என்று நகர்ந்தால் மால்ட்டே முதலிலிருந்து படிக்கச் சொல்வான். இருபது வருட நண்பனிடமும் அட்டை கேட்பான். "பொண்ணோட அட்டையை வாங்கிப் பார்த்துட்டுத்தானே மோதிரம் போட்ட?" என்று அவனைச் சீண்டுவார்கள்.

அந்தப் பெண், ஸ்வென்யா, பத்திரிகைக்காரி. ஜனவரியில் ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றி எழுதினாள். ஆதாரம் கிடைக்காததால் விஷயம் அத்தோடு நின்றுபோனது. அக்டோபரில் அதே இல்லத்திலிருந்து ஹென்ரிக்கே என்ற நர்ஸ் கூப்பிட்டாள். இரவில் ஆள் பற்றாக்குறை என்பதால் டாக்டர் எழுதாத தூக்க மருந்தை வயதானவர்களுக்குக் கொடுக்கிறார்கள், மூன்று பேர் காலையில் விழிக்கவே இல்லை என்றாள். மருந்துப் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன், ஆனால் என் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். அவள் தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். ஸ்வென்யாவோடு ஒரு காபிக் கடையில் உட்காரக்கூட அவளுக்குப் பயம்.

அதனால்தான் மால்ட்டே போனில் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. அக்காவின் போனிலிருந்து பேசினாள் ஹென்ரிக்கே. ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவி என்று ஆரம்பித்தான். பொதுச் சாவி பூட்ட மட்டுமே உதவும், ஊருக்கே கொடுக்கலாம். திறப்பது தனிச் சாவி. அதைப் பெற்ற தாய்க்கும் காட்டக்கூடாது. ஸ்வென்யாவின் பொதுச் சாவியால் பூட்டி அனுப்பினால் அவள் ஒருத்தியால்தான் திறக்கமுடியும். பதில் கடிதங்களுக்காக ஹென்ரிக்கேவுக்கும் ஒரு ஜோடி உண்டாக்கினார்கள். சாவி உருவாகும்போது மவுஸைத் தாறுமாறாக ஆட்டச் சொன்னான். அந்தக் கிறுக்கலிலிருந்துதான் யாராலும் ஊகிக்கமுடியாத எண்கள் கிடைக்கும்.

"இதைத்தான் என் பிள்ளைங்க நாள் பூரா செய்யுதுங்க. அதுங்களையே உட்கார வச்சிருக்கலாம்" என்று சிரித்தாள் ஹென்ரிக்கே.

பிறகு எல்லோருடைய பொதுச் சாவிகளும் கிடக்கும் இணையப் பொதுப் பட்டியலிலிருந்து ஸ்வென்யாவின் சாவியை எடுக்கச் சொன்னான். எடுத்தாயிற்று. கைரேகையைச் சரிபார்ப்பதுதான் பாக்கி.

அன்று அவர்களுடைய கல்யாண நாள். எல்பே ஆற்றங்கரை உணவகத்தில் ஏழு மணிக்கு மேஜை சொல்லியிருந்தார்கள். மூன்று மாதமாக இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஸ்வென்யா கோட்டு மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். லைன் விட்டுவிட்டு வந்தது. ஹென்ரிக்கே இரண்டு முறை தொடங்கியும் நாற்பதில் முதல் எழுத்துகளே அவன் காதில் ஒழுங்காக விழவில்லை.

"வாத்தியாரே, மீன் நமக்காகக் காத்துக்கிட்டிருக்காது" என்றாள் ஸ்வென்யா.

மால்ட்டே அவளைப் பார்த்தான். அவனுக்குப் பிடித்த பச்சை உடையைத்தான் உடுத்தியிருந்தாள்.

"கடைசி எட்டை மட்டும் படிங்க, போதும்" என்றான் போனில்.

"நாப்பதும் பார்க்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எட்டு பொருந்தினா சரிதான். பயப்படாதீங்க."

படித்தாள். பொருந்தியது. அன்று மீன் நன்றாக இருந்தது. வீடுவரை கைகோத்து நடந்தே வந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை ஹென்ரிக்கேயின் மெயில் வந்தது. ஸ்வென்யாவால் அதைத் திறக்கமுடியவில்லை. இதற்குரிய தனிச் சாவி உங்களிடம் இல்லை என்றது கம்ப்யூட்டர். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்து மூன்று முறை முயன்றாள். பிறகு மால்ட்டேயைக் கூப்பிட்டாள்.

எந்தச் சாவியால் பூட்டியிருக்கிறது என்று பார்த்தான். கடைசி எட்டு எழுத்து ஸ்வென்யாவுடையதுதான். முன்னால் இருந்த முப்பத்திரண்டும் வேறு.

பொதுப் பட்டியலில் ஸ்வென்யாவின் பெயரில் இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று அவளுடையது, ஆறு வருடம் பழையது. இன்னொன்று பிப்ரவரியில் ஏறியிருந்தது, அவள் கட்டுரை வந்த அடுத்த மாதம். யார் பெயரிலும் யார் வேண்டுமானாலும் அங்கே சாவி வைக்கலாம். அட்டை கேட்க ஆளில்லை. கடைசி எட்டை மட்டும் பொருந்த வைக்க நல்ல கம்ப்யூட்டருக்கு ஒரு நாள்கூட வேண்டாம். அதை அவனே கூட்டத்தில் செய்து காட்டியிருக்கிறான். இரண்டைக் கண்ட ஹென்ரிக்கே, புதியதுதான் சரியானதாக இருக்கும் என்று எடுத்திருக்கிறாள்.

"எங்கேர்ந்து அனுப்பினா?" என்றான்.

"வார்டு கம்ப்யூட்டர்லேர்ந்துதான் அனுப்புவேன்னு சொன்னா. ஸ்கேனர் அங்கதான் இருக்கு."

அப்படியென்றால் மெயில் இல்லத்தின் நெட்வொர்க் வழியாகத்தான் போயிருக்கிறது. பொய்ச் சாவியை வைத்தவர்கள் இல்லத்துக்காரர்கள் என்றால் இதற்குள் திறந்து படித்திருப்பார்கள். ஹென்ரிக்கே போனை எடுக்கவில்லை. வில்ஹெல்ம்ஸ்புர்க் பகுதியிலிருந்த அவள் வீட்டுக்குக் காரில் போனார்கள்.

வேலை நேரத்தில் அவளே வந்து கதவைத் திறந்தாள். எட்டு மணிக்கு இயக்குநர் அழைத்தாராம். அவள் எடுத்த படங்களும், ஸ்வென்யாவுக்கு எழுதிய கடிதமும் அச்சாகி மேஜைமேல் கிடந்தனவாம். அப்போதே வேலை போய்விட்டது. நோயாளிகளின் ஆவணத்தைத் திருடியதாகப் போலீசில் புகார். பழைய பதிவேடு இருந்த இடத்தில் இப்போது எதுவும் எழுதாத புது நோட்டு. பன்னிரண்டாம் அறைக் கிழவருக்கு இன்றைக்கும் மருந்து கொடுப்பார்கள், இரவுப் பணிக்கு வருகிறவள் எதையும் கேட்கமாட்டாள் என்றாள்.

அவளிடம் கோபம் இல்லை. அதுதான் மால்ட்டேயை நிமிர விடவில்லை.

"இவங்க மட்டும்தான் திறக்கமுடியும்னு நீங்க சொன்னீங்களே. யாரு திறந்தது?"

மால்ட்டே வாயைத் திறப்பதற்குள் ஸ்வென்யா பேசிவிட்டாள். "தப்பு என்னுது. என் பேர்ல பொய்ச் சாவி ஒண்ணு எட்டு மாசமா கிடந்திருக்கு, நான் பார்க்கலை."

ஹென்ரிக்கே தலையாட்டினாள். பிறகு மால்ட்டேயிடம் திரும்பினாள். "நீங்க பாவம், அன்னிக்கு அவ்வளவு பொறுமையா சொல்லிக்கொடுத்தீங்க." உள்ளேயிருந்து சின்னவள் அம்மா என்று கூப்பிட்டாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

ஸ்வென்யா காரில் உட்கார்ந்தாள், கிளப்பவில்லை.

"எட்டு போதும்னு நான்தான் சொன்னேன்" என்றான் மால்ட்டே.

"என்கிட்ட ஏன் சொல்றே? நான் பக்கத்துலதானே நின்னேன்." மாடியைக் காட்டினாள்: "ரெண்டு மாடிதான். ஏறிப் போய் அவகிட்ட சொல்லு."

மால்ட்டே மாடி ஜன்னலைப் பார்த்தான். சீட் பெல்ட்டைப் போடவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரண்டு பஸ் கடந்துபோகும் வரை ஸ்வென்யா பொறுத்தாள். பிறகு அவனைப் பார்க்காமல் காரைக் கிளப்பினாள்.