இரண்டாவது ஓட்டை

லொறி மூன்றாம் தடவையாக நின்றபோது மணி ஒன்று ஐம்பது. விசுவமடுவைத் தாண்டியிருந்தோம். பரந்தனுக்கு இன்னும் பதினொரு மைல். கொழும்பு ரயில் அங்கே மூன்றே காலுக்கு வரும். அந்த ரயிலில் என் மகளைக் கொண்டுபோகிறார்கள்.

கொண்டுபோகச் சொன்னவன் நான்தான். என் மனைவி அருந்ததி பிரசவத்தில் இறந்து ஏழு மாதம். அவளுடைய அக்கா விமலேஸ்வரிக்கும் கணவர் யோகநாதனுக்கும் பிள்ளை இல்லை. கொழும்பில் வீடு இருக்கிறது. போன கிழமை வந்து கேட்டார்கள். "ஓம்" என்றேன். அந்த ஏழு மாதத்தில் யார் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லிவந்தேன். விஜயதசமி நல்ல நாள் என்று அவர்களே பார்த்தார்கள். இன்று காலை பத்து மணி பஸ்ஸில் புதுக்குடியிருப்பிலிருந்து ஏற்றிவிட்டேன். பிள்ளை அழவில்லை. பெரியம்மாவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்தேன். பால் கரைத்த கோப்பை கழுவாமல் கிடந்தது. கழுவினேன். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் குசினியில் நின்றேன். பிறகு சந்திக்கு நடந்து, பரந்தனுக்குக் கருவாடு ஏற்றிப்போகும் பக்கீர் நானாவின் லொறியை மறித்து ஏறினேன்.

"என்ன மாஸ்டர், இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில ஏடு தொடக்கல் எல்லோ? நீங்க இல்லாம ஆர் 'அ'னா எழுதிக் குடுக்கிறது?"

எங்கே போகிறேன், எதற்கு என்று சொன்னேன். இரண்டு வசனம். அவர் அதன்பின் பகிடி விடவில்லை. அக்சிலேற்றரில் காலை அழுத்தினார்.

லொறி அவருடையதல்ல, ஏரம்பு முதலாளியுடையது. உலக யுத்தக் காலத்தில் இராணுவம் ஓட்டிக் கழித்துவிட்ட பெற்றோல் லொறி. உடையார்கட்டில் முதலில் நின்றது. நானா எஞ்சினிலிருந்த பெற்றோல் பம்பின்மேல் ஈரத்துணி போட்டார். "சூடு. மனிசருக்கு மாதிரித்தான், நெத்தியில துணி போட்டாத் தணியும்." இருபது நிமிடத்தில் எஞ்சின் பிடித்தது. மூன்று மைலில் மறுபடி நின்றது. மறுபடி துணி. மறுபடி இருபது நிமிடம்.

இப்போது துணிக்கும் மசியவில்லை. நானா ஸ்டார்ட்டரை மிதித்தார். எஞ்சின் நன்றாகவே சுழன்றது. பிடிக்கவில்லை.

"சுழலுது. அப்ப பற்றறியில பிழை இல்லை," என்றேன். "நெருப்பு வரேல்லை, இல்லாட்டிப் பெற்றோல் வரேல்லை. ரெண்டில ஒண்டு."

"காத்தும் வேணும் மாஸ்டர்."

"காத்துக்கு என்ன குறை?"

"அதுவும் சரிதான். காடு முழுக்கக் காத்து."

கல்லூரியில் எஞ்சினைப் படத்தில் படித்திருந்தேன். பிளக் வயர் ஒன்றைக் கழற்றி இரும்புக்குக் கிட்டப் பிடித்தேன். பற்றறியை மிச்சம் பிடிக்க, நானா முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். நீலப்பொறி பாய்ந்தது. என் விரலிலும் ஏறி, கை தானாக உதறியது.

"உயிர் இருக்கு!" என்று சிரித்தார்.

"எனக்கோ, லொறிக்கோ?"

"லொறிக்கு. உங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?"

நெருப்பு இருக்கிறது. அப்படியானால் பெற்றோல். பம்புக்கு வரும் குழாயைக் கழற்றினோம். உலர்ந்திருந்தது. நானா பெற்றோல் தாங்கியைத் தட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் மொத்தென்று கேட்டது. "நேற்று முதலாளியே நிரப்பினவர். கிடக்கு." குழாயில் வாயை வைத்து ஊதினேன். தாங்கிக்குள் கொளகொளவென்று குமிழி கேட்டது. குழாயிலும் அடைப்பில்லை. பெற்றோலைத் துப்பினேன். பூட்டினோம். பிடித்தது.

ஒரு மைல் போய் நின்றது. மணி இரண்டு இருபத்தைந்து.

"குப்பைதான்," என்றார் நானா. "நீங்க ஊத விலகுது, ஓட ஓட வந்து அடைக்குது. டாங்கியை இறக்கிக் கழுவவேணும். ஒரு மணித்தியாலம் போகும், மாஸ்டர்." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

மிதிபலகையில் இருந்தேன். இரண்டு பக்கமும் பாலை மரங்கள். வேறு வாகனம் வரவில்லை. பதினொரு மைல் பத்தாகியிருந்தது, அவ்வளவுதான். பின்னால் கருவாடு நாறியது.

இரண்டரைக்குப் பிள்ளைக்குப் பால். நினைக்கவேண்டுமென்று நினைக்கவில்லை. ஏழு மாதமாக அந்த நேரம் எனக்குள் இருந்தது. இந்நேரம் விமலேஸ்வரி அக்கா தகரப் பால்ரின்னை எடுத்திருப்பார். முதல் வாரம் நான் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது, பிறகு நின்றுவிட்டது. ரின்னைக் குலுக்கினேன், ஊதினேன். பிள்ளை வீறிட்டது. அயல்வீட்டு இரஞ்சிதம் அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, "மற்றப் பக்கமும் ஒண்டு குத்துங்கோ தம்பி, காத்துப் போகாட்டிப் பால் எப்பிடி வரும்?" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ரின்னிலும் இரண்டு ஓட்டை.

நான் ஊதியது குப்பையை விலக்கவில்லை. காற்றைத்தான் உள்ளே அனுப்பியது.

"நானா, டாங்கி மூடியில ஓட்டை இருக்கோ?"

"குண்டூசி அளவில ஒண்டு இருக்கவேணும். ஏன்?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூடியின் நடுவில், வெள்ளிக் காசளவில், சந்தனம். அதன்மேல் குங்குமம். வெயிலில் காய்ந்து கல்லாக இருந்தது.

"நேற்று ஆயுத பூசை எல்லோ," என்றார் நானா. "லைட்டு, ஸ்டியரிங், சில்லு, எல்லாத்துக்கும் முதலாளி பொட்டு வைச்சவர். மூடிக்கும் வைச்சிட்டார். காலமை நான் தூசி தட்டினனான். இதில கை வைக்கேல்லை. உங்கட ஆக்களின்ர பூசைச் சாமான். நான் எப்பிடி அழிக்கிறது?"

"இப்ப அழிக்கலாம்."

"நீங்க அழியுங்கோ. நான் அங்கால பாக்கிறன்."

உண்மையாகவே திரும்பி நின்றார். மூடியைத் திருகினேன். தாங்கி காற்றை இழுத்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். "அல்லாவே," என்றார். ஒரு முள்ளை முறித்துச் சந்தனத்தைச் சுரண்டி, ஓட்டையைக் குத்தித் திறந்தேன். இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. பிறகு நிற்கவில்லை.

பரந்தன் சந்திக்கு வந்தபோது மூன்று பதினெட்டு. ரயிலின் கடைசிப் பெட்டி தெற்கே போய்க்கொண்டிருந்தது. சந்தியில் கருவாட்டுக்காரர் கை காட்டினார். நானா நிறுத்தவில்லை. அடுத்த ஸ்டேசனான கிளிநொச்சிப் பக்கம் வெட்டித் திருப்பினார்.

"நானா, கருவாடு?"

"செத்த மீன், மாஸ்டர். அதுக்கு என்ன அவசரம்?"

கிளிநொச்சியில் ரயிலில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரிக்கற் இல்லாமல் உள்ளே ஓடினேன். மூன்றாம் பெட்டி யன்னலில் விமலேஸ்வரி அக்கா. ஏறி அவருக்கு முன்னால் நின்றேன். பிள்ளை அவர் மடியில் நித்திரை.

"என்ன தம்பி? ஏதும் விட்டிட்டு வந்திட்டமோ?" என்றார் யோகநாதன் அண்ணை.

"பிள்ளையைத் தாங்கோ."

தபால்காரர் கதவை அடித்துச் சாத்தினார்.

"ஓம் எண்டனீங்கள்," என்றார் அக்கா.

"ஓம். சொன்னனான்."

"கேட்டுத்தானே எடுத்தனான். களவெடுக்கேல்லையே."

"பிழை என்ர, அக்கா."

"தொட்டில் வாங்கி வைச்சிருக்கு," என்றார் அண்ணை, என்னிடமல்ல.

விசில் ஊதியது. ரயில் நகர்ந்தது. நான் இறங்கவில்லை. பிள்ளையை எடுக்கவும் முடியவில்லை. என் கை முழுக்கக் கறுப்பு ஒயில். அக்கா சீலைத் தலைப்பால் பிள்ளையை இறுக்கிச் சுற்றினார். வெளியே பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"மாங்குளம் வரைக்கும் என்ர மடியில இருக்கட்டும். அங்க இறங்குங்கோ. முல்லைத்தீவு பஸ் இருக்கும்."

"ஓம்," என்றேன்.

எதிர் ஆசனத்தில் இருந்தேன். மாங்குளத்துக்கு முக்கால் மணித்தியாலம். அக்கா பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு பார்க்க எதுவும் இல்லாததால் நானும் பார்த்தேன். மூக்கு அருந்ததியுடையது. இவ்வளவு நாளும் எனக்கு அது தெரியாது. நிமிர்ந்தேன். அக்காவின் மூக்கும் அதுதான்.